மூணாம் வகுப்பிலேயே வந்த பரு

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். ராத்திரி எட்டு மணி, பாளையங்கோட்டையில் என் கிளினிக்கைப் பூட்டப்போகிற நேரம். ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு 23 வயது. ஊர் ஆலங்குளம் பக்கம், வேலை திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுவது. துப்பட்டாவைத் தாடைக்கு மேலே இழுத்துச் சுற்றியிருந்தாள். முகத்தைக் காட்டும்மா என்றதும் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், பிறகுதான் துணியை இறக்கினாள்.

"பொங்கலுக்கு எங்க அண்ணன் வீட்டுலருந்து உறுதி பண்ண வாராவ டாக்டரம்மா. அதுக்குள்ள இத அமுக்கிரணும்" என்றார் அம்மா.

அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே பாதி விடை இருந்தது. நான் அதைக் காதில் வாங்கினேன், சீட்டில் எழுதவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அம்மா, மகள் இருவரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். ஆள் தெரியாதபடி ஊரையும் வேலையையும் மாற்றியிருக்கிறேன்.

தாடையின் இரண்டு ஓரத்திலும், கழுத்தின் மேல்பாதியிலும் ஆழமான கட்டிகள். விரல் பட்டாலே முகம் சுளித்தாள். நெற்றியிலும் மூக்கிலும் பெரிதாக ஒன்றுமில்லை. மேல் முதுகில் சீழ்ப்பருக்கள், அவற்றுக்கு நடுவே ஆறிப்போனவை விட்டுச்சென்ற கறுப்புத் தடங்கள். நாடியில் நூல் போட்டு முடி எடுத்த அடையாளம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை த்ரெட்டிங் செய்வதாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மாதவிலக்கு 45 நாளுக்கு ஒருமுறை, சில நேரம் 60 நாள்.

பத்தாம் வகுப்பிலிருந்தே வைத்தியம் நடந்திருக்கிறது. டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை நாலு முறை கொடுத்திருக்கிறார்கள். கடும் பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெடினோயின் ஐந்து மாதம் சாப்பிட்டிருக்கிறாள். முகம் கண்ணாடி மாதிரி ஆகி, நிறுத்தின நாலே மாதத்தில் பழையபடி கிளம்பிவிட்டது. ஸ்கேன் எடுத்த இடத்தில் இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டிகள் என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். 'பிசிஓடி', அதாவது நீர்க்கட்டிச் சினைப்பை நோய் என்று பெயர் வைத்து, இன்சுலின் சரியாக வேலை செய்வதற்கான மெட்ஃபார்மின் ஒரு வருடம். அதற்கும் அசையவில்லை.

நானும் அந்தப் பெயரையே சீட்டில் எழுதினேன். தாடையோரப் பரு, தள்ளிப்போகிற மாதவிலக்கு, நாடி முடி, ஸ்கேன் அறிக்கை. இவ்வளவும் ஒன்றாக வந்தால் வேறெதையும் நினைக்கத் தோன்றாது. பூசும் மருந்தை மாற்றிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச்சொன்னேன்.

*

வீட்டில் நடந்த வைத்தியத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவள் அதிகம் கஷ்டப்பட்டது அதில்தான்.

வீட்டில் ஆச்சி இருக்கிறார், எண்பது வயது. பேத்தியின் உடம்பு கொதிக்கிறது, ரத்தம் கெட்டுக்கிடக்கிறது என்பது அவர் தீர்ப்பு. அதன்படி நாலு வருடமாக இந்தப் பெண்ணுக்கு உளுந்தங்களி கிடையாது, தேங்காய்ச் சட்டினி கிடையாது, சொதி கிடையாது, கறி கிடையாது. டவுனில் அல்வாக்கடைகளைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறாள், ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் எண்ணெய்க் குளியல். மாதம் ஒருமுறை பேதிக்குக் கொடுப்பார்கள். இத்தனையும் செய்தும் பரு வந்தபோது, "திருட்டுத்தனமா எதையோ திங்கா" என்று அவள்மேலேயே பழி விழுந்தது.

இந்தச் சீமையில் 'உள்ளே என்னமோ கோளாறு' என்று முகப்பருவைப் பற்றிச் சொல்லாத வீடு இல்லை. அந்த உணர்வு ஒரு வகையில் சரியானது. பரு தோலில் மட்டும் தொடங்குகிற காரியம் கிடையாது. ஆனால் உள்ளே இருக்கிற காரணம் சூடும் இல்லை, அழுக்கு ரத்தமும் இல்லை, மலச்சிக்கலும் இல்லை. குடலைக் கழுவினால் முகம் தெளியும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. கரும்புள்ளியின் கறுப்புகூட அழுக்கு கிடையாது, தோலின் சொந்த நிறமிதான் காற்றுப்பட்டுக் கறுத்து நிற்கிறது. எத்தனை பிள்ளைகள் அதைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்து முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள் தெரியுமா?

நடப்பது இதுதான். ஒவ்வொரு முடிக்குழியோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ரத்தத்தில் ஓடுகிற ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் அந்தச் சுரப்பியைத் தூண்டுகின்றன. சுரப்பியே டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வலுவான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றிக்கொள்ளும் வசதியும் வைத்திருக்கிறது. எண்ணெய் பெருகும், குழியின் வாயில் உதிர வேண்டிய செல்கள் ஒட்டிக்கொண்டு அடைக்கும். எல்லோர் தோலிலும் வாழ்கிற கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி அந்த அடைப்புக்குள் பெருகும், சுற்றிலும் அழற்சி கிளம்பும். பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகளுக்குப் பருவ வயதில் ஹார்மோன் ஏறுகிறபோது இது தானாகவே நடக்கிறது. ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும், சுரப்பிதான் அதற்கு அதிகமாக எதிர்வினை காட்டும். அவர்களுக்கு உள்ளே எதையும் தேட வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனை என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கவும் வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பங்கு உண்டா என்றால், உண்டு, ஆச்சி நினைத்த வழியில் இல்லை. வெள்ளைச்சோறு, மைதா, சீனி போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகிற உணவு இன்சுலினை ஏற்றும். இன்சுலின் ஏறினால், டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்யும். கட்டு அவிழ்ந்த ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பிக்குப் போகும். இன்சுலினோடு சேர்ந்து ஏறுகிற ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் அதே வேலையைச் செய்யும். ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயதுள்ள 43 ஆண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 வாரம் சர்க்கரை மெதுவாக ஏறும் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். 2007-ல் வெளிவந்த அந்த ஆய்வில், அந்தப் பாதிக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. பால், குறிப்பாகக் கொழுப்பு நீக்கிய பால் குடிப்பவர்களுக்குப் பரு சற்று அதிகம் என்றும் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஜிம்முக்குப் போகிற பையன்கள் கலக்கிக் குடிக்கிற வே புரோட்டீன் பவுடரும் பலருக்குப் பருவைக் கிளப்புகிறது. அல்வாவில் சீனி இருக்கிறது, தினமும் கால் கிலோ தின்றால் அது ஒரு காரணமாகலாம். தீபாவளிக்கு ஒரு துண்டு தின்றதால் தாடையில் கட்டி வராது. தோல் உளுந்தும் நல்லெண்ணெயும் தேங்காயும் இந்தக் கணக்கில் வரவே வராது.

இன்னொரு பெரிய வாசல், மாத்திரை. ஒரே அளவில், ஒரே கட்டத்தில், அச்சடித்த மாதிரி சிவந்த பருக்கள் மார்பிலும் முதுகிலும் திடீரென்று கொட்டினால், கரும்புள்ளியே இல்லாமல் இருந்தால், என் வாயில் வருகிற முதல் கேள்வி "என்ன மாத்திரை சாப்பிடுதீங்க?" என்பதுதான். இழுப்புக்கும் மூட்டுவலிக்கும் கொடுக்கிற ஸ்டீராய்டு, உடம்பு வைப்பதற்கென்று கடையில் கேட்டு வாங்கித் தின்கிற டெக்ஸாமெத்தசோன், காசநோய்க்கான ஐசோனியசிட், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், மனநோய்க்கான லித்தியம், நரம்புக்கு என்று போட்டுக்கொள்கிற பி12 ஊசி எல்லாமே இதைச் செய்யும். அதற்காகக் காசநோய் மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ யாரும் நிறுத்திவிடக் கூடாது. பருவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சிவப்பாக்கும் கிரீமில் கலந்திருக்கிற ஸ்டீராய்டு வேறு கதை, அது வெளியிலிருந்து கெடுப்பது, இங்கே அதற்கு இடமில்லை. இந்தப் பெண்ணிடம் இவை ஒவ்வொன்றையும் கேட்டேன். எதுவும் இல்லை.

*

மூன்று மாதம் சொல்லியிருந்தேன், ஆறே வாரத்தில் வந்தார்கள். பொங்கல் நெருங்குகிறது. முகம் கொஞ்சமும் மாறவில்லை.

அன்றைக்குக் கூட்டம் குறைவு. நிதானமாகப் பார்த்தபோது இரண்டு விஷயம் இடறியது. முதலாவது, கழுத்து. இன்சுலின் சரியாக வேலை செய்யாத பெண்களுக்குப் பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுக்கும். இவள் கழுத்து தெளிவாக இருந்தது. எடை 50 கிலோ, வயிற்றில் சதை இல்லை. நீர்க்கட்டிச் சினைப்பை நோய் ஒல்லியான பெண்களுக்கும் வரும் என்பது உண்மைதான், ஆனாலும் ஒரு வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டு மாதவிலக்கில் ஒரு நாள்கூட முன்னே வரவில்லை என்பது உறுத்தியது. இரண்டாவது, உயரம். 149 செ.மீ. பக்கத்தில் நிற்கிற அம்மா அவளைவிட நாலு விரற்கடை உயரம்.

"உங்க வீட்டுக்காரர் குட்டையாம்மா?"

"இல்லையே, அவுக நல்ல ஒசரம். இவ தங்கச்சி பதினஞ்சு வயசு, அதுக்குள்ள என்னத் தாண்டிட்டா. இவதான் இப்படி நின்னுட்டா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சின்னதுல இவதான் வகுப்புலயே ஒசரம், டாக்டரம்மா" என்றார்.

சின்ன வயதில் எல்லோரையும்விட உயரம், பெரியவளானபின் எல்லோரையும்விடக் குட்டை. தோல் மருத்துவம் படிக்கிறபோது ஒரே ஒரு பக்கத்தில் வந்துபோன சங்கதி. நான் பேனாவை வைத்துவிட்டு, முதல் பரு எப்போது வந்தது என்று கேட்டேன். பத்தாம் வகுப்பு என்று மகள் சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். கதவு சாத்தியதும் குரலைத் தணித்தார்.

"இத அவ அப்பாட்டகூட நான் சொன்னதில்ல. இவளுக்கு ஏழு வயசு இருக்கும்போது தலைக்கு ஊத்திவிடுதேன், அக்குள்ல முடி. பெரிய மனுசி மாதிரி வேர்வ வாட. எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு. ஆச்சிட்ட சொன்னேன். வெளிய மூச்சு விடாத, பிள்ளைய ஒருத்தனும் கட்டமாட்டான்னுட்டா. மூணாம் வகுப்பு படிக்கயில நெத்தியில பரு வந்திட்டு. சூட்டுக்கட்டின்னு மஞ்சளப் போட்டு விட்டோம்."

"ஆச்சின்னா, மாமியாரா?"

"ஆமா. எங்க அம்மயப் பெத்த ஆச்சிதான். நான் எங்க தாய்மாமனத்தான் கெட்டியிருக்கேன்."

அடுத்த முறை வந்தபோது நான் கேட்காமலே ஒரு போட்டோவைக் கொண்டுவந்தார். நாலாம் வகுப்பு குரூப் போட்டோ, லேமினேட் செய்தது, ஓரத்தில் பீடி இலையின் துணுக்கு ஒட்டியிருந்தது. சாயங்காலம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறபோது பீரோவைத் திறந்து எடுத்து வைத்ததாகச் சொன்னார். கடைசி வரிசையில், பையன்களுக்கு நடுவில், டீச்சரின் தோளுயரத்துக்கு அவள் நிற்கிறாள். பக்கத்தில் நிற்கிற பையனின் தலை அவள் காதுவரைதான் வருகிறது. நெற்றியில் முடியை இழுத்து முன்னால் விட்டிருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை பருவை மறைத்திருக்கிறது.

*

சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி கவிழ்த்த மாதிரி இரண்டு அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. கொலஸ்ட்ராலிலிருந்து படிப்படியாகக் கார்ட்டிசால், உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோன், ஆண்ட்ரோஜன் ஆகியவற்றைச் செய்வது அவற்றின் வேலை. கார்ட்டிசாலுக்குப் போகிற வழியில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்று ஒரு நொதி வேண்டும். அந்த நொதியைச் செய்கிற மரபணு ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி. ஒன்று பழுதானால் ஒன்றும் தெரியாது. இரண்டுமே பழுதானால்தான் வெளிப்படும். அந்த நோய்க்குப் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி (சிஏஎச்) என்று பெயர்.

அம்மாவுக்கு நான் சொன்னது இப்படி. பெரிய வாய்க்காலில் ஒரு மதகுப் பலகை பாதிக்குமேல் இறங்கி மாட்டிக்கொண்டது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. போதவில்லை என்று மேலேயிருந்து இன்னும் திறந்துவிடச் சொல்கிறார்கள். திறந்துவிட்ட தண்ணீர் மதகில் முட்டிப் பின்வாங்கி, பக்கத்துக் கிளைவாய்க்காலில் ஏறிப் பாய்கிறது. மதகு என்பது அந்த நொதி, கடைமடைக்குப் போக வேண்டிய தண்ணீர் கார்ட்டிசால், கிளைவாய்க்கால் என்பது ஆண்ட்ரோஜன். மேலேயிருந்து திறக்கச் சொல்வது மூளையடியில் இருக்கிற பிட்யூட்டரி. மதகில் முட்டித் தேங்கி நிற்கிற தண்ணீர்தான் நாங்கள் ரத்தத்தில் அளக்கிற 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன். பாளையங்கால்வாயில் தண்ணீர் வருவதையும் வராததையும் பார்த்தே வளர்ந்த அம்மாக்கள் இங்கே நிறைய, இவர் ஆலங்குளத்து மானாவாரிக்காரர் என்றாலும் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

பழுது கடுமையாக இருந்தால், பிறந்த சில வாரத்திலேயே குழந்தை உப்பை இழந்து உயிருக்கே ஆபத்தாகும். மிதமாக இருந்தால் அந்த ஆபத்து வராது. ஏழெட்டு வயதில் அக்குள் முடி, முந்திவந்த பரு, எலும்பு சீக்கிரம் முதிர்வதால் முதலில் உயரம், பிறகு நின்றுபோன உயரம், வளர்ந்தபின் தாடைப் பரு, முகமுடி, ஒழுங்கற்ற மாதவிலக்கு. சினைப்பையில் நீர்க்கட்டிகளும் இதில் தெரியும். அதனால்தான் ஸ்கேன் எங்கள் எல்லோரையும் திசைமாற்றியது. ஆண்ட்ரோஜன் மிகுந்து வருகிற பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாலு பேருக்குக் காரணம் இதுவாக இருக்கும்.

நீர்க்கட்டிச் சினைப்பை நோயை 1935-லேயே ஸ்டைன், லெவெந்தால் இருவரும் விவரித்தார்கள். அதைக் கண்டறிய இன்று நாங்கள் பின்பற்றும் விதி 2003-ல் ராட்டர்டாமில் வகுக்கப்பட்டது. மூன்று அடையாளத்தில் இரண்டு இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். வேறு காரணங்களை முதலில் விலக்க வேண்டும் என்று அதே விதியில் இருக்கிற வரியைத்தான் தாண்டிப் போய்விடுகிறோம். அவளைப் பார்த்த முதல் நாள் நான் தாண்டினது அதைத்தான்.

17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் பரிசோதனையிலும் ஒரு தவறு செய்தேன். சீட்டில் பரிசோதனையின் பெயரை மட்டும் எழுதி, எந்த நாள், எந்த நேரம் என்று எழுதாமல் விட்டேன். அவள் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு, மாதவிலக்கு சுழற்சியின் பின்பாதியில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். முட்டை வெளியான பிறகு சினைப்பையே இந்த ஹார்மோனைச் சுரக்கும், எல்லாப் பெண்ணுக்கும் ஏறும். காலையிலிருந்து மாலைக்குள் அட்ரினல் சுரப்பு இறங்கியும் விடும். வந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவள் கொடுத்த காசு அவளுக்கு ஒரு நாள் சம்பளத்துக்கு மேல். இப்போதெல்லாம் சீட்டிலேயே 'விலக்காகி மூன்றாம் நாள், காலை எட்டு மணி' என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போடுகிறேன்.

இரண்டாம் முறை ஒழுங்காக எடுத்ததில் 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 640 நானோகிராம். 200-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இந்த நோய் இல்லை எனலாம். மொத்த டெஸ்டோஸ்டிரோன் 78, சற்றுத்தான் கூடுதல். தைராய்டு, புரொலாக்டின் இரண்டும் சரி. குரல் கனக்கவில்லை, உச்சியில் முடி கொட்டவில்லை, எதுவும் சில மாதத்துக்குள் திடீரென்று கிளம்பவில்லை. அப்படி இருந்து டெஸ்டோஸ்டிரோனும் 200-ஐத் தொட்டிருந்தால் கட்டியைத் தேடி அன்றைக்கே அனுப்பியிருப்பேன்.

மதுரையில் ஒரு ஹார்மோன் மருத்துவரிடம் அனுப்பினேன். அட்ரினலைத் தூண்டுகிற ஏசிடிஎச் ஊசி போட்டு 60 நிமிடம் கழித்து எடுத்த ரத்தத்தில் அதே ஹார்மோன் 1,840. ஆயிரத்தைத் தாண்டினால் உறுதி. கார்ட்டிசால் போதுமான அளவு ஏறியிருந்தது, அதனால் காய்ச்சல் வந்தால் உயிராபத்து என்ற பயம் இவளுக்கு இல்லை. மரபணுப் பரிசோதனையில் இரண்டு பிரதியிலும் ஒரே மிதமான மாற்றம். சொந்தத்துக்குள் நடந்த கல்யாணத்தால், ஒரே வீட்டிலிருந்து, இரண்டு வழியில் நடந்து வந்து, இவளிடம் சந்தித்திருக்கிறது.

*

வைத்தியம் பேச உட்கார்ந்தபோது வந்த சிக்கல் மருந்தைவிடப் பெரியது. ஆண்ட்ரோஜனை அடக்க இரண்டு வழி. சிறிய அளவில் ஸ்டீராய்டு கொடுத்துப் பிட்யூட்டரியை அமைதிப்படுத்தலாம். அல்லது ஹார்மோன் மாத்திரையும் ஸ்பைரோனோலாக்டோனும் கொடுத்து, சுரப்பியிடம் போகிற தூண்டுதலைத் தடுக்கலாம். உடனே பிள்ளை வேண்டும் என்ற நிலை இல்லாததால் மதுரை மருத்துவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அட்டையைப் பார்த்ததும் அம்மா முகம் வெளிறியது.

"இது கருத்தடை மாத்திரல்லா? கல்யாணமாகாத பிள்ளைக்கு இதப் போய்... மெடிக்கல்ல வாங்கப்போனா ஊரே பேசுமே."

அவர் கவலையை நான் சின்னதாக நினைக்கவில்லை. அவர்கள் ஊர் மருந்துக்கடையில் நிற்பவர் அவர்களுக்குச் சொந்தக்காரர். ஆறு மாதத்துக்குத் தேவையானதைத் திருநெல்வேலியிலேயே வாங்கிக்கொள்ளலாம், உறையிலிருந்து எடுத்து வேறு டப்பாவில் வைத்தாலும் தவறில்லை, நாள் மட்டும் தவறக்கூடாது என்றேன். ஒற்றைத் தலைவலியில் கண்ணில் மின்னல் வருமா, வீட்டில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்ததுண்டா என்று கேட்டு, ரத்த அழுத்தமும் பார்த்தபிறகுதான் தொடங்கினோம். ஸ்பைரோனோலாக்டோன் 50 மில்லிகிராமில் ஆரம்பித்து 100. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் வளர்ச்சியை அந்த மருந்து கெடுக்கும், ஆகவே கல்யாணத்துக்குப் பின் பிள்ளைக்கு முயல்வதற்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று அவள் கையெழுத்திலேயே நோட்டில் எழுதவைத்தேன். ராத்திரி பூச அடாபலின், காலையில் பென்சாயில் பெராக்சைடு.

முதல் மூன்று மாதம் ஏதும் பெரிதாக மாறாது என்று சொல்லியிருந்தேன். மாறவில்லை. நாலாம் மாதத்தில் புதுக்கட்டிகள் நின்றன. ஆறாம் மாதம் துப்பட்டா தோளில் கிடந்தது. முகமுடி மெதுவாகத்தான் குறையும், த்ரெட்டிங் இரண்டு வாரத்திலிருந்து ஐந்து வாரத்துக்கு வந்திருக்கிறது. உயரம் திரும்பாது. ஏழு வயதில் யாராவது கேட்டிருந்தால் சில சென்டிமீட்டர் காப்பாற்றியிருக்கலாம் என்பது இன்றும் என்னை வருத்துகிறது. ஆச்சி மேல் எனக்குக் கோபமில்லை. பேத்தியைக் காப்பாற்றத்தான் அவர் வாயைப் பூட்டினார்.

கல்யாணப் பேச்சை அந்தத் தை மாதத்தில் தள்ளிவைத்தார்கள், அம்மாவே அண்ணனிடம் போய்ச் சொன்னார். இதில் நான் செய், செய்யாதே என்று எதையும் சொல்லவில்லை. கணக்கை மட்டும் சொன்னேன். இவளிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழுதான பிரதி நிச்சயம் போகும், ஆனால் அது மிதமானது. இரண்டில் எது மிதமோ அதுதான் நோயின் கடுமையைத் தீர்மானிக்கும். எனவே பிறந்ததும் உயிருக்கு ஆபத்தாகிற வகை இவள் பிள்ளைக்கு வர வழியில்லை. மாப்பிள்ளையிடமும் பழுதான ஒரு பிரதி இருந்தால், பாதிப் பிள்ளைகள் இவளைப் போல இருக்கலாம். அம்மாவின் அண்ணன் மகன் என்பதால் அதற்கு நாலில் ஒரு பங்காவது வாய்ப்பு உண்டு.

அந்தப் பையன் ஒரு காலையில் பைக்கில் தனியாக வந்தான். ரத்தம் கொடுக்கணும் டாக்டர், என்னன்னு தெரிஞ்சிக்கிடுவோம் என்றான். அவனிடமும் பழுதான ஒரு பிரதி இருந்தது. முடிவைச் சொன்னபோது, "பொம்பளப் பிள்ள பொறந்தா ஏழு வயசுல எதப் பாக்கணும்னு எழுதிக் குடுங்க" என்று மட்டும் கேட்டான். எழுதிக் கொடுத்தேன். ஆணாக இருந்தாலும் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்தேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

தங்கச்சியையும் கூட்டிவரச் சொல்லியிருந்தேன். கூடப்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதால் அவளைப் பார்க்காமல் விடக்கூடாது. பதினைந்து வயது, நெற்றியிலும் மூக்கிலும் குருணைக் குருணையாகப் பரு, மூக்கில் கரும்புள்ளி. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, இவளுக்கும் அதேதானா என்று. விலக்கு மாதா மாதம் ஒழுங்காக வருகிறது, சின்ன வயதில் எதுவும் முந்தவில்லை. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் 62. அக்காவுக்கு வாங்கின அடாபலின் டியூப்பில் மிச்சம் இருந்தது, அதையே ராத்திரி ஒரு பட்டாணி அளவு முகம் முழுக்கத் தடவச் சொல்லி அனுப்பினேன். வாசல்வரை போனவள் திரும்பிவந்து, உளுந்தங்களி சாப்பிடலாமா என்று கேட்டாள். சாப்பிடு என்றேன்.